வீசும் கரை

காரைக்காலில் நான் போய் இறங்கியபோது மாம்பழக் காலம் முடிந்திருந்தது. பாரதியார் வீதியில் அம்மையார் கோயிலுக்குப் பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மாங்கனித் திருவிழாவைப் பற்றிக் கேட்டேன். “ஆனிப் பௌர்ணமிக்கு வந்திருக்கணும் தம்பி. ஆவணியில வந்து மாங்கனி கேக்குறீங்களே” என்று சிரித்தார். பிறகு, வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், கட்டியிருந்த சரத்தை வாழை இலையில் வைத்துவிட்டு எதிர்மாடியைக் காட்டினார். “அங்கேருந்து வீசுவாங்க. இந்த மாடியிலேருந்தும் வீசுவாங்க. நடுவுல சாமி வரும். பழம் தலையில விழும், தோள்ல விழும். வலிக்குதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.” சொல்லும்போது அவர் வலது கை தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, இல்லாத மாம்பழத்தை வீதிக்கு வீசியது. காரைக்காலிலிருந்து தெற்கே போன இரண்டு நாளும் அந்தக் கை என் கண்ணிலேயே நின்றது.

பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதியுலா வரும் நாள் அது. பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானையை விரித்து நிற்பார்கள். நேர்ந்துகொண்டு வரம் கிடைத்தவர்கள் கூடை கூடையாகப் பழம் வாங்கிவந்து மாடியிலிருந்து இறைப்பார்கள். இத்தனைக்கும் காரணம், ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் வாழ்ந்த புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண் பசித்து வந்த அடியவருக்குப் போட்ட ஒரே ஒரு மாம்பழம். கணவன் பரமதத்தன் கடைக்கு வந்த இரண்டு பழங்களில் அது ஒன்று. மற்றொன்றைச் சாப்பிட்டவன் சுவை கண்டு இன்னொன்று கேட்டான். இறைவன் அருளால் அவள் கையில் வேறொரு பழம் வந்தது. அதைக் கண்டு அஞ்சிய கணவன் கப்பலேறி வணிகத்துக்குப் போனான். திரும்பியவன் பாண்டிய நாட்டில் வேறொரு குடும்பம் தேடிக்கொண்டான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தான். அவன் திட்டமிட்டுக் கெடுதல் செய்தவனில்லை. கணக்குத் தெரிந்த மனிதன். கணக்கில் வராத ஒன்றைக் கண்டு பயந்துவிட்டான்.

புனிதவதி அதன்பின் அழகையும் உடலின் சதையையும் வேண்டாமென்று உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கி, காரைக்கால் அம்மையார் ஆனாள். அற்புதத் திருவந்தாதியும் திருவாலங்காட்டுப் பதிகங்களும் திருவிரட்டை மணிமாலையும் பாடினாள். அறுபத்து மூன்று நாயன்மாரில் பெண்கள் மூவர்தான். அவர்களில் பாட்டு எழுதியவள் இவள் ஒருத்தி. வற்றிய மார்பும் புடைத்த நரம்புமாகக் கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அவளுடைய சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்போடியாவில் பந்தே ஸ்ரே கோயிலின் ஆடும் சிவனுக்கு அருகே அமர்ந்திருக்கும் மெலிந்த உருவமும் அவளே என்று கருதப்படுகிறது. கணவன் போன கடல் வழியிலேயே அவள் அவனைவிடத் தொலைவு போயிருக்கிறாள்.

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் வரை ஆண்ட ஊர் இது. அரசலாற்றங்கரையில் மாலையில் நடந்தால் அந்த ஆட்சியின் எச்சம் தெருப்பெயர்களிலும் சில தூண் வைத்த வீடுகளிலும் தென்படும். ஆனால் எந்தக் கவர்னருக்கும் இங்கே வீதியுலா கிடையாது.

*

நாகூர் பேருந்தில் ஏறினால் வாஞ்சூரில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி முடிகிறது. எல்லையை ஒட்டி மதுக்கடைகள். அவற்றைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் விளம்பரப் பலகைகள். இன்னும் கொஞ்ச தூரத்தில் தென்னந்தோப்புகளுக்கு மேலே நாகூரின் மினாராக்கள். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டியவர் தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாப சிங். தர்கா எழுந்த நிலத்தை அதற்கும் முன்னால் கொடுத்தவர் தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் என்பது இங்கே வழங்கும் வரலாறு. தன் நோயைத் தீர்த்த சூஃபி ஞானி, இங்கே அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகைக்கு அவர் செலுத்திய நன்றி அது.

நான் போனது வியாழக்கிழமை இரவு. வெள்ளி இரவு என்று இங்கே சொல்லும் ராத்திரி அது. அலங்கார வாசலில் பூவும் சர்க்கரையும் பத்தியும் விற்கும் கடைகள் நிரம்பி வழிந்தன. உள்ளே நுழைந்ததும் சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து தாயிராவின் ஒலி வந்தது. பச்சைத் தலைப்பாகை கட்டிய பக்கீர்கள் மூன்று பேர். தோல் கட்டிய அந்த வளையத்தை ஒரு கையில் ஏந்தி, மற்றக் கையின் விரல்களால் தட்டிக்கொண்டே பாடினார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். மூச்சு முட்டும் இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தையே அவர்கள் அழகாக்கினார்கள். நெற்றியில் திருநீற்றோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு குடும்பம் பாட்டு முடியும்வரை நகரவில்லை.

நாகூர் என்றதும் நமக்கு முதலில் ஒலிக்கும் குரல் ஈ.எம். ஹனிபாவுடையது. 1925இல் பிறந்து 2015இல் மறைந்தவர். இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய பாட்டு பள்ளிவாசல் தெருவில் ஒலித்த அளவுக்கு மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியிலும் ஒலித்திருக்கிறது. திராவிட இயக்க மேடைகளில் தலைவர்கள் பேச வருமுன் கூட்டத்தைக் கட்டிப்போட்டதும் அதே குரல்தான். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று அவரைக் கேட்டவர்கள் சொல்வார்கள். இந்த ஊரின் கடற்காற்றில் பாடிப் பழகியவருக்கு வேறெப்படி இருக்கும்?

அதே ஊரில், அவ்வளவாகப் பேசப்படாத இன்னொருவர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்புவரை மட்டுமே பள்ளி சென்றவர். 1938இல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதைப் பாராட்டி எழுதினார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று இலக்கிய வரலாறு அவரைக் குறிக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டுவதே பேச்சாகிவிடும் காலத்தில், தன் பெயரை அட்டையில் போட்டுப் புத்தகத்தை ஊருக்குள் விட்டவர். காரைக்கால் பெண்ணுக்குப் பேய் வடிவம் தேவைப்பட்டது. நாகூர்ப் பெண்ணுக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது. நடுவே கழிந்தது ஆயிரத்து நானூறு ஆண்டு.

தர்காவின் கடைகளில் மெல்லிய உலோகத் தகடுகள் விற்கிறார்கள். கால், கை, கண், வீடு, தொட்டில், படகு என்று அச்சடித்த உருவங்கள். எது வேண்டுமோ, எது குணமானதோ, அதன் உருவத்தை வாங்கிக் காணிக்கை செலுத்துவார்கள். படகுத் தகடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாயின் மடிப்பைக்கூட விடாமல் அச்சுக் கொத்தியிருந்தான் யாரோ ஒரு தொழிலாளி. அவன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

“கப்பல் இங்க ரொம்ப முக்கியம்” என்றார் கடைக்காரர். ஆண்டகை ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்த கண்ணாடியைத் திடீரென்று வீசினாராம். நடுக்கடலில் துளை விழுந்து மூழ்கவிருந்த கப்பலில் அது போய் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைத்ததாம். கண்ணாடியைப் பறிகொடுத்த நாவிதர் திகைத்து நின்றதையும் அவர் நடித்துக் காட்டினார். மறுபடியும் அதே கை அசைவு. பூக்கட்டும் அம்மா வீசிய அதே சுற்று.

பதினான்கு நாள் கந்தூரி விழாவில் கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக வந்து மினாராக்களில் ஏறும். சந்தனக் கூடும் நாகப்பட்டினத்திலிருந்தே புறப்படும். மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்கள் இந்த நினைவைத் தாங்கள் போன கரைகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு. இரண்டிலும் அடக்கத்தலம் இல்லை. ஊர் நினைவுக்காகக் கட்டியவை அவை.

வெளியே வந்து, மேலே இறால் பதித்துப் பொரித்த வாடா இரண்டு தின்றேன். தம்ரூட் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன். மணி பதினொன்றைத் தாண்டியும் தெருவில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன.

*

மறுநாள் விடியற்காலை வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் மாதாவின் பிறந்த நாளோடு முடியும் விழாக் காலம். சாலையின் இடப்பக்கம் முழுக்கக் காவி உடையில் நடந்துவருகிறவர்கள். சிறு தேரைத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம், செருப்பில்லாமல் கிழவிகள், தோளில் தூங்கும் பிள்ளைகள். பாதத்தில் துணி சுற்றியிருந்த ஓர் இளைஞரிடம் எத்தனை நாளாக நடக்கிறீர்கள் என்று கேட்டேன். விரல்களை விட்டு எண்ணிப் பார்த்து, கணக்குத் தப்பி, “வந்துட்டோம்ல சார்” என்றார்.

பால் கொண்டுபோன சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன், புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் ஆகியோருக்கு மாதா காட்சி தந்த மூன்று கதைகளின் மேல் நிற்கிறது இந்தத் திருத்தலம். முதல் இரண்டும் ஏழைப் பிள்ளைகள் கதை. அதனால்தானோ என்னவோ, இங்கே யாரும் அந்நியமாக நிற்பதில்லை. கரை சேர்ந்த மாலுமிகள் ஓலைக் குடிசையாக இருந்ததைச் சிற்றாலயமாகக் கட்டித் தந்தார்கள். பின்னொரு பயணத்தில், பைபிள் காட்சிகள் தீட்டிய பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பீடத்தைச் சுற்றி அவை இன்றும் பதிந்திருக்கின்றன. விற்பதற்குச் சரக்கேற்றி வந்தவர்கள், விற்காமல் வைத்துவிட்டுப் போனவை. 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் ஜான் இதைப் பேராலயமாக உயர்த்தினார்.

மொட்டை போட்டு, தேங்காய் வைத்து, மாதாவுக்குப் பட்டுச் சேலை சாத்தி, சப்பரம் இழுத்துக் கும்பிடும் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பார்க்க உட்கார்ந்தவன் கால் மணி நேரத்தில் தோற்றுப்போனேன். காணிக்கைகளை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் நான் தேடியது கிடைத்தது. நாகூரில் பார்த்த அதே உருவங்கள்: கால், கண், தொட்டில், படகு. தகட்டின் தரம்தான் வேறு, கேட்டது ஒன்றுதான்.

கடற்கரைக்குப் போகும் வழியில் சுனாமி நினைவிடம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கிருந்தெல்லாமோ வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் இருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இந்தியாவிலேயே அதிகம். அந்த நாட்களில் நாகூர் தர்கா வீடிழந்தவர்களுக்குத் திறந்திருந்தது. அதன் நிலத்தில் புதைக்கப்பட்டவர்களிடம் மதம் கேட்கப்படவில்லை. வேளாங்கண்ணியின் மண்டபங்களும் அப்படியே. நினைவிடத்தின் நிழலில் ஓர் அம்மா மாங்காய்ச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்து, சுண்டல் மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

*

மத்தியானம் கடலை விட்டு மேற்கே திரும்பினேன். கீழ்வேளூர் வட்டத்துக்குள் நுழைந்ததும் நிலம் தட்டையாகி, வாய்க்காலும் வரப்புமாக விரிகிறது. கீழ்வெண்மணி ஒரு சிறிய ஊர். கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பு 1968 டிசம்பர் 25 இரவு தாக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் ஒளிந்த பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் 44 பேர் அதோடு வைத்து எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. நினைவுச் சின்னத்தில் பெயர்களை வாசித்தேன். ஒரே வீட்டுப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன.

முதல் நாள் முழுக்க ‘கொடுத்தவர்கள்’ என்ற எண்ணத்தோடு வந்தவனை இந்த இடம் நிறுத்தியது. மாம்பழத்தை வீசவும் கண்ணாடியை வீசவும் கையில் முதலில் ஏதாவது இருக்க வேண்டும். கையில் ஒன்றுமே விடாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவர்களிடம் கொடையின் பெருமையைப் பேசுவது அநியாயம்.

அந்த அநியாயத்தைப் புரிந்துகொண்டு இங்கே வந்து தங்கியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926இல் திண்டுக்கல் பக்கத்துத் தலித் குடும்பத்தில் பிறந்து, சர்வோதய இயக்கத்தில் வளர்ந்தவர். வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பகுதிக்கு வந்தார். கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடு 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கினார். நிலக்கிழார்களிடம் பேசி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலத்தை வாங்கிப் பிரித்து, நிலமற்ற குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பட்டா பெண்கள் பெயரில் எழுதப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் இப்படிக் கைமாறியது. எந்த வீட்டு வாசலில் நின்று கூலி கேட்க அஞ்சினார்களோ, அந்த வீட்டு நிலத்துக்கே உரிமைக்காரர்களாக ஆனவர்கள் உண்டு.

தொண்ணூறுகளில் இந்தக் கரைக்கு இறால் பண்ணைகள் வந்தன. வயலுக்குப் பக்கத்தில் உப்புநீர்க் குளம் வெட்டினால் நிலத்தடி நீரும் உப்பாகும், நெல்லும் போகும், வயலில் கூலி வேலையும் போகும். மீனவர்கள் கடலுக்கு இறங்கும் வழியும் அடைபடும். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்றச் சொல்லி அவர் பெயரிலேயே வழங்கும் தீர்ப்பு வந்தது. பின்னால் வந்த சட்டம் அதன் பிடியைத் தளர்த்தியது. குளங்கள் இன்றும் வழியில் தென்படுகின்றன. 2008இல் அவர்கள் இருவருக்கும் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார். 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்ம பூஷண் வந்தது.

*

நாகப்பட்டினத்துக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. இந்த ஊரைப் பழைய கப்பல்கள் அத்தனையும் அறியும். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் எழுதிவைக்கப்பட்ட செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன்வரை போய்ச் சேர்ந்தன. ஊரின் கடைசிப் பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் 1930கள்வரை இங்கே மண்ணுக்குள்ளிருந்து ஏறக்குறைய 350 புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிறகு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர். எல்லோரும் வந்தார்கள், ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆனால் இன்றைக்கு ஊரே கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது ஒரு மீனவனுக்காக. ஆவணி ஆயில்யம், அதிபத்தர் நாள். நுளைப்பாடியில் பரதவர் தலைவராக இருந்தவர். தினமும் பிடிபடும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். பாடு குறைந்தது. ஒரே மீன் வந்த நாட்களில் அதையும் விட்டார். வீடு பட்டினி கிடந்தது. அப்படியொரு நாள் வலையில் ஒரே ஒரு மீன். பொன்னாலும் மணியாலும் ஆனது. கூட இருந்தவர்கள் கூவினார்கள். அவர் அதையும் கடலில் வீசினார்.

நம்பியார் நகர் கடற்கரையில் நிற்க இடமில்லை. நீலாயதாட்சி கோயிலிலிருந்து சுவாமி ரிஷபத்தில் வந்து கடலைப் பார்த்து நின்றார். மீனவ ஊர்க்காரர்கள் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். இந்த ஒரு நாள் சம்பந்தி வீட்டு மரியாதை அவர்களுக்கு. கோயில் தெருவில் எங்கோ ஒதுங்கி நின்ற தலைமுறைகளின் பிள்ளைகள், இன்று சாமிக்கு முன்னால் நடந்தார்கள். நாகசுரம் அலையோடு போட்டி போட்டது; ஒருகட்டத்தில் அலைதான் ஜெயித்தது. அதிபத்தர் திருமேனியைப் படகில் ஏற்றினார்கள். இளவட்டங்கள் இடுப்பளவு நீரில் நின்று படகை நிதானப்படுத்த, அது முதல் அலையில் மூக்கைத் தூக்கி, இரண்டாவதைத் தாண்டி, அப்பால் போய் நின்றது. கரையில் எல்லோரும் வாயடைத்துப் போனோம். படகிலிருந்து ஒரு கை உயர்ந்து சுற்றியது. வெள்ளி மீனும் தங்க மீனும் போன தடம் வெயிலில் ஒரு கணம் மின்னியதா, அலைதான் மின்னியதா, தெரியவில்லை. குலவைச் சத்தம் எழுந்தது. காரைக்கால் அம்மா வீதியில் வீசிக் காட்டிய அசைவு, இங்கே கடலில் முடிந்தது.

என் பக்கத்தில் கைலியை மடித்துக் கட்டி நின்ற பெரியவர் கும்பிட்ட கையை இறக்கினார். ஆயுசு முழுக்கக் கடலில் போனவர் என்பதைத் தோளே சொன்னது. பேச்சுக் கொடுத்தேன். மகன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கிறானாம். டீசல் விலையைச் சொன்னார், கிட்டக் கடலில் மீன் அற்றுப்போனதைச் சொன்னார், படகுக் கடனைச் சொன்னார். அதிபத்தரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

“ஐயா, இப்ப விட்ட தங்க மீன் நாளைக்கு உங்க வலையில விழுந்தா என்ன செய்வீங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஊர்ப் பஞ்சாயத்துல வச்சு ஏலம் விட்டு, காசைக் கோயில்ல கட்டுவோம்.” கொஞ்சம் யோசித்து, “கடனை நினைச்சா கை கொஞ்சம் நடுங்கும்தான். அதுக்குத்தான் தம்பி வருஷா வருஷம் வீசிப் பழகுறது” என்றார்.

மணலில் நடந்து அவர் தன் படகுப் பக்கம் போனார். நாளை விடியுமுன் கடலுக்குப் போக வேண்டும். இருட்டுவதற்குள் வலையின் கிழிசலைத் தைத்து முடிக்க வேண்டுமாம்.